தவில் வாசிக்கிறவனுக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன்: முன்பக்கமா, பின்பக்கமா?

கேட்பவர்: தவில்காரர், மயிலாடுதுறை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தவில்தான் தொழில். 2021-இல் கொரோனா வந்து ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தேன். அப்போது ஸ்டீராய்டு ஊசி நிறையப் போட்டார்கள். அடுத்த வருடம் இடது தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.வி.என். என்று வந்தது. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு செத்துப்போகிற நோயாம். இடது பக்கம் அந்தத் தலை, அதாவது பந்து, அமுங்கித் தட்டையாகிவிட்டது. வலது பக்கம் ஆரம்ப நிலைதான், இன்னும் உருண்டையாக இருக்கிறது என்றார்கள்.

இப்போது சம்மணம் போட்டால் இடது முழங்கால் தரையில் படிவதில்லை. ஒரு சாண் உயரத்தில் அப்படியே நிற்கிறது. தவிலைச் சாய்த்து வைத்து, உடம்பை வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்து ஒப்பேற்றுகிறேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி ஒன்று முடிவதற்குள் வேர்த்துவிடுகிறது. சாமி புறப்பாட்டில் தவிலை வாரில் மாட்டிக்கொண்டு நான்கு வீதி சுற்றுவதை விட்டுவிட்டேன்.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். திருச்சி டாக்டர் பின்பக்கமாக, அதாவது புட்டத்துப் பக்கம் கீறிச் செய்வேன் என்றார். அங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்கிறார்கள். சென்னை டாக்டர் முன்பக்கமாகச் செய்வாராம். தசையையே வெட்டுவதில்லை, சீக்கிரம் நடக்கலாம், பந்து நழுவாது என்றார்கள். அங்கே கைக்காசு போட வேண்டும்.

என் கேள்வி இதுதான். எந்த வழியில் செய்தால் நான் திரும்பத் தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம்? ஆடியில் கல்யாணம் கிடையாது, அந்த மாதத்தில் செய்துகொண்டால் ஆவணி முகூர்த்தத்துக்குப் போக முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கடன் வாங்கித்தான் சென்னை போக வேண்டும் என்றாலும் போகிறேன், கை ஓய்ந்துவிடக் கூடாது.

பதில் 1: பிசியோதெரபிஸ்ட், தஞ்சாவூர்

தம்பி, வணக்கம். பல வருடங்களாக இடுப்பு, முழங்கால் மாற்றியவர்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் என் வேலை. இரண்டு வழியில் செய்தவர்களும் என் கையில் வந்திருக்கிறார்கள். உங்களுக்கு நேராகவே சொல்கிறேன்: தரையில் உட்காருவதற்காக மட்டும் கடன் வாங்கி முன்பக்க ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள்.

ஏன் என்றால், மாற்றி வைத்த பந்து அது உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தை விட்டு எந்த நிலையில் நழுவும் என்பதைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் திறந்து செய்தவர்களுக்கு ஆபத்தான நிலை மூன்று அசைவுகள் ஒன்றாகச் சேர்வது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், கால் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும், தொடை உள்பக்கம் திரும்ப வேண்டும். தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி, முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்க, கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுப்பது அப்படிப்பட்ட நிலை. நாற்காலியில் கால்மேல் கால் போடுவதும் அதே ஜாதி.

சம்மணம் அப்படி இல்லை. அதில் தொடை வெளிப்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கமாகவே திரும்புகிறது. அதனால் சம்மணமாக உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, உட்காரப் போகிற நேரமும் எழுந்திருக்கிற நேரமும்தான் எனக்குப் பயம். கச்சேரி முடிந்து நீங்கள் எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை வீட்டில் யாரையாவது போனில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, முழங்காலை உள்ளே மடக்கி, அதன்மேல் பாரம் போட்டு எழுந்திருப்பீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுந்திருக்கிறோம். அந்த ஒரு நொடியில் நான் மேலே சொன்ன மூன்று அசைவும் சேர்ந்துவிடும்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு எழுந்திருப்பதைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பேன். மாற்றிய காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, நல்ல காலின் முழங்காலில் மண்டியிட்டு, முன்னால் ஒரு நாற்காலியைப் பிடித்து எழுந்திருப்பது. மூன்று மாதத்துக்கு முன்னால் யாரையும் தரைக்கு இறக்குவதில்லை. அதற்கு அப்புறமும் ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்று சொன்னால்தான். சில டாக்டர்கள் ஆயுளுக்கும் தரையில் உட்காரக் கூடாது என்பார்கள். ஆகையால் ஆபரேஷனுக்கு முன்பே, "நான் தவில்காரன், இதுதான் நான் உட்காருகிற விதம்" என்று அவர்கள் அறையிலேயே உட்கார்ந்து காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள்.

முன்பக்கம் செய்தால் பந்து நழுவவே நழுவாது என்பது சரியில்லை. பின்பக்கம் நழுவுவது குறைவுதான். ஆனால் அதற்கும் ஒரு கெட்ட நிலை உண்டு: காலைப் பின்னால் நீட்டி, பாதத்தை வெளியே திருப்புவது. தவிலை மாட்டிக்கொண்டு புறப்பாட்டில் நடக்கும்போது பாரத்துக்கு ஈடுகொடுக்க முதுகைப் பின்னால் வளைத்து, பாதத்தை அகட்டி வைத்துத்தானே நடப்பீர்கள்? அந்த நடை முன்பக்கம் செய்தவர்களுக்கு முதல் மாதங்களில் ஆகாது.

தசையை வெட்டுவதில்லை என்பதும் முக்கால் உண்மை. முன்வழியில் இரண்டு தசைகளுக்கு இடையிலுள்ள சந்தில் நுழைகிறார்கள், அது நிஜம். பின்வழியில் தொடையை வெளியே திருப்பும் சின்னச் சின்னத் தசைகளை எலும்பிலிருந்து எடுத்து, முடித்த பிறகு மூட்டுறையோடு சேர்த்துத் திரும்பத் தைக்கிறார்கள். அந்தத் தையலை ஒழுங்காகப் போடுகிறவரா என்பதுதான் பின்வழியில் முக்கியமான கேள்வி. போட்டால் நழுவுகிற ஆபத்து நன்றாகக் குறைகிறது.

இன்னொன்று. முன்பக்கம் செய்தவர்கள் பலருக்குத் தொடையின் வெளிப்புறத்தில் ஒரு பட்டை மரத்துப்போகிறது. தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்த வழியில் ஓடுகிறது, அது இழுபடும். நடைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் உங்களுக்குத் தவில் உரசி நிற்கிற இடம் அது. சிலருக்கு நாளாக நாளாக மறையும், சிலருக்கு ஒரு திட்டாகத் தங்கிவிடும்.

ஆவணி வேண்டாம் தம்பி. எந்த வழியில் செய்தாலும் வேண்டாம். ஆடியில் செய்தால் ஐப்பசியில் மேடை போட்ட இடத்தில், உயரமான பலகையில் மெத்தை போட்டு, இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கும்படி உட்கார்ந்து வாசிக்கலாம். வாரில் மாட்டி வீதி சுற்றுவது தைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். சென்னைக்குப் போனால் முதல் சில வாரங்கள் கொஞ்சம் சுகமாக இருக்கும், வாக்கரைச் சீக்கிரம் விடலாம். அந்தச் சில வாரத்துக்குத்தான் அந்தக் கடன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

வணக்கங்க. எனக்கு இரண்டு பக்கமும் மாற்றியாகிவிட்டது. வலது பக்கம் பின்வழி, சில வருடம் கழித்து இடது பக்கம் முன்வழி. வேறு வேறு டாக்டர்கள். அதனால் ஒரே உடம்பில் இரண்டையும் பார்த்தவன் என்கிற முறையில் எழுதுகிறேனுங்க.

முதல் பதினைந்து இருபது நாளில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. பின்வழியில் செய்தபோது காயத்தின் மேலேயே உட்கார வேண்டியிருந்தது, படுக்கையில் புரளும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் தலையணை வைத்துக் கட்டிவிட்டார்கள். குனியாதே, மடக்காதே என்று வீட்டுக்காரம்மா காவல். முன்வழியில் அந்தக் கெடுபிடி குறைவு. கட்டிலிலிருந்து இறங்குவது சுலபமாக இருந்தது. ஆனால் காரில் ஏறும்போது காலைத் தூக்கி உள்ளே வைக்கத்தான் முடியவில்லை, துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து வைப்பேன்.

மூன்று மாதம் ஆனபிறகு எது எந்தக் கால் என்று நடையில் தெரியவில்லைங்க. தோட்டத்தில் வரப்பில் நடக்கிறேன். இடது தொடையில் உள்ளங்கை அளவு மரத்த இடம் இன்னும் இருக்கிறது. அது பழகிவிட்டது.

தம்பி, டாக்டர் யார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். வீட்டில் கழிவறையை முதலில் மாற்றுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, பழைய கக்கூஸிலேயே குத்தவைத்து உட்காருகிறார்கள். சம்மணத்தைவிட அதுதான் மோசம் என்று எனக்குச் சொன்னார்கள்.

பதில் 3: எலும்பு மருத்துவர், மதுரை

உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் இந்த வழிதான் என்று சொல்வது முறையல்ல. ஆனால் தெரிந்துகொண்டு போய்க் கேட்கச் சில விஷயங்கள்.

முன்வழி புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரத்தில் வருவதை நம்ப வேண்டாம். பாரிஸில் ராபர்ட் ஜுடே 1947-லேயே அந்த வழியாக இடுப்பு மூட்டில் செயற்கைத் தலை வைத்தார். இன்று நாம் செய்யும் முழு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962-இல் அவர் செய்தது பக்கவாட்டு வழி, தொடை எலும்பின் மேல்முனையையே வெட்டித் திறந்து, கடைசியில் கம்பியால் கட்டுவார். அவர் வைத்த சின்ன உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் உரசல் குறைவாக அசைந்ததால் பலருக்குப் பல பத்தாண்டுகள் உழைத்தது. எந்த வழியில் திறக்கிறார்கள் என்பது மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முன்வழியில் கிண்ணத்தை வைப்பது எளிது, நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே பார்த்துக் கோணத்தையும் கால் நீளத்தையும் சரிபார்க்கலாம். தொடை எலும்பைத் தயார் செய்வதுதான் கடினம். எலும்பை மேலே தூக்கிக் கொண்டுவர வேண்டும். பழக்கம் போதாதவர் கையில் அங்கே விரிசல் விழலாம். இந்த வழியில் கை பழக ஐம்பது முதல் நூறு ஆபரேஷன் வரை ஆகும் என்று எங்கள் துறையில் பொதுவாகச் சொல்வோம். ஆகவே சென்னை டாக்டரிடம், இதுவரை முன்வழியில் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். திருச்சி டாக்டரிடம், மூட்டுறையையும் தசைகளையும் திரும்பத் தைப்பீர்களா, எந்த அளவுப் பந்து வைப்பீர்கள் என்று கேளுங்கள். சார்ன்லி வைத்தது 22 மில்லிமீட்டர் பந்து. இன்று 32, 36 மில்லிமீட்டர் வைக்கிறோம். பந்து பெரிதானால் நழுவ அதிக தூரம் போக வேண்டும். 44 வயதில் செய்துகொள்கிறீர்கள், இது பல வருடம் உழைக்க வேண்டும், அதனால் செராமிக் பந்தும் தேய்மானம் குறைந்த பாலிஎத்திலீன் கிண்ணமும் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பக்கவாட்டு வழி இன்றும் பல இடங்களில் நடக்கிறது. பந்து நழுவுவது குறைவு. ஆனால் இடுப்பைச் சமமாகப் பிடிக்கும் தசையின் ஒரு பகுதியை எடுத்துத் தைக்க வேண்டியிருப்பதால் சிலருக்குச் சாய்நடை வரும். பாரம் சுமந்து நடக்கிற உங்களுக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும்விட அவசரம் உங்கள் வலது இடுப்பு. பந்து உருண்டையாக இருக்கும்போதே, அமுங்குவதற்கு முன்னால், எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சின்ன ஆபரேஷன் சிலருக்குப் பலன் தருகிறது. எல்லோருக்கும் இல்லை. ஆனால் அமுங்கிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். இடது பக்கப் பேச்சிலேயே இருந்து வலதை மறந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யைப் புதிதாக எடுத்துக் காட்டுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அதுவும் இந்த நோயின் ஒரு காரணம்.

கேட்டவர்: தவில்காரர், மயிலாடுதுறை

மூன்று பேருக்கும் கோடி நமஸ்காரம். பிசியோ அக்கா சொன்னபடி திருச்சி டாக்டர் அறையில் கீழே உட்கார்ந்தே காட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என் முழங்கால் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று கையால் அளந்து பார்த்தார். பின்வழிதான் வாரா வாரம் செய்கிறாராம். தைப்பேன், 36 வைக்க எலும்பு இடம் கொடுத்தால் வைப்பேன், மூன்று மாதம் கழித்துப் படம் பார்த்துவிட்டுத் தரையில் இறக்கலாம் என்றார். செராமிக்குக்குத் திட்டத்தில் எவ்வளவு வரும் என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். வலது பக்கத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிட்டார். ஆடி இரண்டாம் வாரம் தேதி வாங்கியிருக்கிறேன். சென்னை போகவில்லை. ஆவணியில் ஒப்புக்கொண்ட கல்யாணங்களுக்குத் தம்பி மகனை அனுப்புகிறேன்.

அதற்குள் நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா அக்கா?

பிசியோதெரபிஸ்ட், தஞ்சாவூர்

இருக்கிறது தம்பி. வித்வான்கள் வாயில் வெற்றிலை சீவல் ஓயாது, எனக்குத் தெரியும். புகையிலையை இன்றைக்கே விடுங்கள், காயம் ஆறுவதை அது கெடுக்கும். பல் டாக்டரிடம் போய்ச் சொத்தை, ஈறு வீக்கம் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு ஏறியிருக்கலாம். வலது காலுக்கும் இரண்டு கைக்கும் இப்போதே பயிற்சி தொடங்குங்கள், வாக்கரில் உங்கள் உடம்பைத் தாங்கப் போவது அவைதான். கட்டிலில் மல்லாந்து படுத்து, வலது முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குங்கள். வலி வந்தால் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழிவறைக்கு வெஸ்டர்ன் வைக்க இடமில்லை என்றால் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கும், பழைய பேசின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். நாற்காலியின் உயரம் உங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.