ஜாவா வெப் சர்வீஸில் ஹெட்டர் மதிப்பை எடுப்பது எப்படி? மேப்பில் டோக்கன் வரவில்லை

தூக்கணாங்குருவி:
வணக்கம். ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் ஒரு சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் மெசேஜ்களில் பேசும் சர்வீஸ்) எழுதியிருக்கிறேன். கிளையன்ட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் ஒரு டோக்கனை ஹெட்டரில் அனுப்புகிறது, அதை நான் மெத்தடுக்குள் படிக்க வேண்டும். கிளாஸில் ரிசோர்ஸ் அனொட்டேஷன் போட்டு வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட்டை வாங்கி, அதிலிருந்து மெசேஜ்கான்டெக்ஸ்ட், அதற்குள் எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஹெட்டர்ஸ் என்கிற மேப் என்று போய்ப் பார்த்தேன். ஹோஸ்ட், கன்டென்ட்-டைப், சோப்ஆக்‌ஷன் எல்லாம் வருகிறது, டோக்கன் மட்டும் இல்லை. சோப்யூஐ என்கிற டெஸ்ட் டூலில் ரா ரிக்வெஸ்ட்டைத் திறந்தால் டோக்கன் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது! இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

பின்னிரவு:
அந்த ரா ரிக்வெஸ்ட்டையே இன்னொரு முறை பாருங்கள். நடுவில் ஒரு வெற்று வரி இருக்கும். டோக்கன் அதற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே இருப்பதுதான் எச்டிடிபி ஹெட்டர், உங்கள் மேப்பில் வருவதும் அது மட்டும்தான். கீழே எக்ஸ்எம்எல்லில் என்வலப்புக்குள், பாடிக்கு முன்னால் ஒரு ஹெட்டர் டேக் வருமே, அது சோப் ஹெட்டர். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதைத் தவிர சம்பந்தமே கிடையாது. உங்கள் டோக்கன் கீழே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் ஒரு சோப்ஹேண்ட்லர் எழுதுங்கள், அதாவது சர்வீஸ் மெத்தடுக்குப் போகும் முன் மெசேஜைப் பார்க்கும் ஒரு கிளாஸ். அதன் ஹேண்டில்மெசேஜ் மெத்தடுக்கு சோப்மெசேஜ்கான்டெக்ஸ்ட் வரும், அதில் மெசேஜை வாங்கி, சோப் பார்ட், என்வலப், ஹெட்டர் என்று உள்ளே போகலாம். ஹெட்டரே இல்லாத மெசேஜ் வந்தால் என்வலப்பின் கெட்ஹெட்டர் 'நல்' தரும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். இதே ஹேண்ட்லர் பதில் திரும்பிப் போகும்போதும் ஓடும், அதனால் மெசேஜ் அவுட்பவுண்ட் ப்ராப்பர்ட்டி 'ட்ரூ' என்றால் எதுவும் செய்யாமல் 'ட்ரூ' ரிட்டர்ன் செய்துவிடுங்கள்.

எலிமென்ட்டைத் தேடும்போது டேக் பெயருக்கு முன்னால் வரும் ப்ரிஃபிக்ஸை நம்பாதீர்கள், தயவுசெய்து. இன்று ஒரு கிளையன்ட் ஒரு ப்ரிஃபிக்ஸ் போடும், நாளை இன்னொன்று வேறு போடும், இரண்டுமே சரிதான். நேம்ஸ்பேஸும் (எலிமென்ட் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் யூஆர்ஐ) லோக்கல் நேமும் (ப்ரிஃபிக்ஸ் இல்லாத பெயர்) சேர்த்துத் தேடினால்தான் நிலைக்கும். அப்புறம், எல்லா ஹெட்டரையும் சுற்றிப் பார்க்க இரண்டு மெத்தட் உண்டு, எக்ஸாமின் என்று தொடங்குவது ஒன்று, எக்ஸ்ட்ராக்ட் என்று தொடங்குவது ஒன்று. எக்ஸ்ட்ராக்ட் படிப்பதோடு நிற்காது, அந்த எலிமென்ட்களை மெசேஜிலிருந்து பிய்த்து எடுத்துவிடும், அடுத்த ஹேண்ட்லர் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. படிக்க மட்டும் என்றால் எக்ஸாமின் போதும்.

ஹேண்ட்லரை இணைக்க, சர்வீஸ் கிளாஸின் மேல் ஹேண்ட்லர்செயின் அனொட்டேஷன் போட்டு எக்ஸ்எம்எல் ஃபைலின் பெயரைக் கொடுங்கள்.

கல்வெட்டு:
சர்வீஸை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலில் அந்த ஹெட்டர் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தால் ஹேண்ட்லர் இல்லாமலே முடியும். மெத்தடில் ஒரு பாராமீட்டர் சேர்த்து, வெப்பாரம் அனொட்டேஷனில் ஹெட்டர் 'ட்ரூ' என்று கொடுத்தால் மதிப்பு நேராகப் பாராமீட்டராக வந்துவிடும். ஒன்றிரண்டு மெத்தடுக்கு இது நல்ல வழி. முப்பது மெத்தடிலும் அதே டோக்கன் என்றால் பின்னிரவு சொன்ன ஹேண்ட்லர்தான் சரி, இல்லாவிட்டால் எல்லா மெத்தடிலும் அதே பாராமீட்டரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

தூக்கணாங்குருவி:
வெற்று வரிக்குக் கீழேதான் இருந்தது! ஹேண்ட்லர் எழுதிவிட்டேன், அங்கே டோக்கன் அழகாக லாகில் வருகிறது. அதைக் கான்டெக்ஸ்ட்டில் புட் செய்துவிட்டு சர்வீஸ் மெத்தடில் கெட் செய்தால் 'நல்' வருகிறது. இன்னொன்று, உண்மையான கிளையன்ட்டிலிருந்து அழைத்தால் ஹேண்ட்லர் ஓடுவதற்கு முன்பே மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் என்று ஒரு ஃபால்ட் (சோப் எரர் பதில்) திரும்புகிறது. சோப்யூஐயில் அது வரவில்லை.

பின்னிரவு:
முதலாவது, ஸ்கோப். ஹேண்ட்லருக்குள் போடும் ப்ராப்பர்ட்டிக்கு இயல்பாகவே ஹேண்ட்லர் ஸ்கோப்தான், அது சர்வீஸ் மெத்தடுக்குத் தெரியாது. புட் செய்த அடுத்த வரியில் செட்ஸ்கோப் அழைத்து அந்தக் கீயை அப்ளிகேஷன் ஸ்கோப்புக்கு மாற்றுங்கள். நானும் இதில் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன், எரரும் வராது, வார்னிங்கும் வராது.

இரண்டாவது, அந்தக் கிளையன்ட் ஹெட்டரில் மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் 1 என்று வைத்து அனுப்புகிறது. 'இதைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் வேலையைச் செய்யாதே' என்று அர்த்தம். உங்களுக்குப் புரியும் என்பதை ரன்டைமுக்குச் சொல்லும் இடம், ஹேண்ட்லரில் உள்ள கெட்ஹெட்டர்ஸ் மெத்தட். ஐடிஇ உருவாக்கித் தந்தபடி அது 'நல்' ரிட்டர்ன் செய்துகொண்டிருக்கும், பாருங்கள். அதற்குப் பதிலாக உங்கள் டோக்கன் ஹெட்டரின் க்யூநேமை (நேம்ஸ்பேஸும் லோக்கல் நேமும் சேர்ந்த முழுப்பெயர்) ஒரு செட்டில் வைத்து ரிட்டர்ன் செய்யுங்கள்.

கல்வெட்டு:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், இது உண்மையிலேயே ஆபத்தான இடம். டோக்கனை எடுத்த பிறகு சர்வீஸ் கிளாஸிலோ ஹேண்ட்லரிலோ ஒரு ஃபீல்டில் வைத்துவிடாதீர்கள். பொதுவாக ஒரே ஆப்ஜெக்ட்தான் பல த்ரெட்களுக்கும் பதில் சொல்கிறது, ஒருவருடைய டோக்கனை எடுத்து இன்னொருவருடைய ரிக்வெஸ்ட்டுக்குப் பயன்படுத்திவிடும். உங்கள் மெஷினில் ஒற்றை ஆளாக டெஸ்ட் செய்துகொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. லோக்கல் வேரியபிள் போதும். புதிதாக ஒரு த்ரெட் தொடங்கி வேலையை அங்கே கொடுப்பதாக இருந்தால் மதிப்பை முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அந்த த்ரெட்டிலிருந்து மெசேஜ்கான்டெக்ஸ்ட்டைக் கேட்டால் இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் வரும்.

ஜாவா எந்த வெர்ஷன்? 11 முதல் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஜேடிகேயில் (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பில்) கிடையாது, தனியாக டிபென்டென்சி சேர்க்க வேண்டும்.

தூக்கணாங்குருவி:
இப்போதைக்கு 8தான். செட்ஸ்கோப் ஒரு வரி போட்டதும் மெத்தடில் டோக்கன் வந்துவிட்டது, க்யூநேம் கொடுத்ததும் ஃபால்ட்டும் நின்றது. முதலில் க்யூநேமில் நேம்ஸ்பேஸின் கடைசியில் இருந்த ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டேன், அதனால் இன்னும் ஒரு மணி நேரம் போனது. கல்வெட்டு, நீங்கள் சொன்ன மாதிரி நான் ஃபீல்டில்தான் வைத்திருந்தேன், இப்போதே மாற்றிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.