வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் புற்றுநோய் மருந்து: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆய்வக மாணவி:
நானே ஆரம்பிக்கிறேன். புற்றுநோய்ச் செல்களில் தங்கத்தாலான நானோ தண்டுகளை (கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய குச்சிகள்) விட்டு, 808 நானோமீட்டர் லேசர் அடிப்பது என் வேலை. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தண்டுகள் அதை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூட்டில் செல் சாக வேண்டும். முதல் தடவையே லேசர் பட்ட செல்லெல்லாம் காலி. ஒரே குஷி! அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க லேசர் அடிக்காமல் ஃபாயில் சுற்றி இருட்டில் வைத்திருந்த தட்டைப் பார்த்தால், அதிலும் செல்லெல்லாம் காலி. கொன்றது வெளிச்சமே இல்லை. தண்டு வளர்க்கப் போடும் சிடிஏபி என்ற சோப்பு மாதிரியான ரசாயனம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கழுவி, பெக் (PEG) என்ற பாலிமர் பூச்சு கொடுத்த பிறகுதான் இருட்டுத் தட்டு பிழைத்தது.

நோயாளியின் மகன்:
அப்பாவுக்கு உணவுக்குழாயில் கட்டி. போர்ஃபைமர் என்ற, வெளிச்சம் பட்டால் செல்லைக் கொல்லும் மருந்தை ஊசியாகப் போட்டு, இரண்டு நாள் கழித்து எண்டோஸ்கோப் வழியாக 630 நானோமீட்டர் சிவப்பு லேசர் கொடுத்தார்கள். இது நானோ துகள் இல்லை, 1990களிலேயே அனுமதி வாங்கிய மருந்து. சிகிச்சையைவிட அதற்கடுத்த ஒரு மாதம்தான் பெரும்பாடு. மருந்து தோலிலும் தங்கிவிடும், வெயில் படவே கூடாது. சன்ஸ்கிரீன் போதும் என்று நினைத்தோம். அது புற ஊதாவைத் தடுக்கும். இந்த மருந்தைக் கிளப்பிவிடுவதோ சாதாரண வெளிச்சம். பயந்துபோய் ஜன்னலெல்லாம் அடைத்து அப்பாவை இருட்டில் உட்கார வைத்தோம். நர்ஸ் போனில் சத்தம் போட்டார்: "வீட்டுக்குள்ள மங்கலான வெளிச்சம் வேணும்ங்க, அதுதான் தோல்ல இருக்குற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும்." அப்புறம் ஒருநாள் கார் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் புறங்கை மட்டும் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்:
நான் பார்த்தது மூளைக்கட்டி. இங்கே மருந்து கட்டியைக் கொல்வதற்கு இல்லை, காட்டிக்கொடுப்பதற்கு. 5-அலா என்ற மருந்தை ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பே குடிக்கக் கொடுப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் நீல விளக்குக்கு மாற்றியதும் கட்டி தணலாகச் சிவக்கும். ஓரத்தில் வெளிர் ரோஜாவாக மங்கும் இடத்தில்தான், இது கட்டியா நல்ல மூளையா என்று சர்ஜன் கை தயங்கும்.

ஆய்வக மாணவி:
அண்ணா, உங்கள் அப்பாவின் புறங்கை மனதை விட்டுப் போகவில்லை. கட்டிக்குக் கொடுத்த மருந்து வேறு இடத்தில் தங்கியதால் வந்த வினை அது, என் தண்டுகளுக்கும் அதே கேள்விதான். உடம்பில் ஏற்றும் நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது இடைநிலை அளவில் (மீடியன்) 0.7 சதவீதம்தான் என்று 2016 ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. மீதியில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். அடுத்து எலிச் சோதனை. லேசரே படாத எலிகளின் கல்லீரலையும் எடுத்துப் பார்க்கலாமா என்று நாளைக்கே கைடிடம் கேட்கிறேன்.