பணம் எடுக்க யாரிடம் கேட்க வேண்டும், ஐயா?

பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள். 1976-இல் அந்தத் தேதியில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள். அந்த நாள் வரும்போதெல்லாம், திருவள்ளூர் மாவட்டத்தில் நான் வங்கிப் பணியில் இருந்தபோது சந்தித்த ஒரு குடும்பம் எனக்கு நினைவுக்கு வரும்.

செங்கல் சூளை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட இருளர் பழங்குடிக் குடும்பங்களைக் கணக்குத் தொடங்குவதற்காக வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் அழைத்து வந்திருந்தார். கையில் விடுவிப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை. அரசு தரும் உடனடி உதவித்தொகை கணக்கில்தான் வரும். வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கைரேகைக் கருவி அவருடைய பெருவிரலை ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்தும் பயனில்லை. கையைத் திருப்பிப் பார்த்தேன். களிமண்ணையும் மணலையும் அச்சில் அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்து போயிருந்தன. கடைசியில் இடது கை மோதிர விரல் ஒத்துக்கொண்டது.

பாஸ்புக்கைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"பணம் எடுக்க யாரிடம் கேட்க வேண்டும், ஐயா?"

"யாரிடமும் கேட்க வேண்டாம் அம்மா. அது உங்கள் பணம்."

அவர் கணவரைப் பார்த்தார். அவரும் அதே பதிலுக்காகத்தான் காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு அவர்களிடம் பேசியபோதுதான் சூளை வாழ்க்கை விளங்கியது. திருமணச் செலவுக்காக வாங்கிய சில ஆயிரம் ரூபாய் முன்பணம், அதற்காகக் கணவனும் மனைவியும் சூளைக்குப் போயிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து மண் மிதிக்க வேண்டும், விடிவதற்குள் கல் அறுக்கத் தொடங்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தாலும், கணக்கு நோட்டு முதலாளியின் பெட்டிக்குள்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கடன் அந்த நோட்டில் வளர்ந்துகொண்டே போனது. சந்தைக்கு ஒருவர் போனால் மற்றவர் சூளையில் இருந்தாக வேண்டும். மாமியார் இறந்த செய்தி வந்தபோது கணவரை மட்டும், அதுவும் அன்றிரவே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். மனைவியும் பிள்ளைகளும் பிணை. தாயின் காரியத்துக்குக்கூட மகனால் இருக்க முடியவில்லை.

இதைக் கேட்ட சக ஊழியர் ஒருவர், "வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால் அது கொத்தடிமை. வேறு வேலைக்குப் போக முடியாவிட்டாலும், விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாவிட்டாலும் அப்படித்தான். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அந்தக் கடன் சட்டப்படி அழிந்துவிடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால், அதுவும் அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. இந்த நாட்டில் எழுதப்பட்ட தீர்ப்புகளில் நான் மிகவும் மதிக்கும் தீர்ப்பு அது.

என் பூர்வீகம் தஞ்சைப் பக்கம். 1843-இலேயே கம்பெனி ஆட்சி, ஒருவர் இன்னொருவருக்கு அடிமை என்ற உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. ஆனால் அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தும் எங்கள் வட்டாரத்தில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் இருந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டிய பிறகுதான் அவை ஓய்ந்தன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. ஆகவே சட்டம் வந்த தேதியோடு அடிமைத்தனம் முடிந்தது என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

என்னைப் பற்றி யோசித்தேன். மேலாளர் கடுமையாகப் பேசிய நாள்களில், வேண்டாம் என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்புதான் என்னைத் தாங்கியிருக்கிறது. அதை ஒருநாளும் எழுதவில்லை, எழுத முடியும் என்பதே போதுமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த நினைப்புக்கே இடமில்லாமல் இருந்திருக்கிறது.

சில மாதங்கள் கழித்து அவர் பணம் எடுக்க வந்தார். படிவத்தை அவருடைய மகள் எழுதினாள், பள்ளியில் சேர்த்துவிட்டார்களாம். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "போன வாரம் காய்ச்சல் ஐயா. இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். யாரும் வந்து எழுப்பவில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுவாழ்வுத் திட்டத்தின்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் ரூபாய். உடனே கிடைப்பது 30,000 ரூபாய் வரைதான், மீதி, கொத்தடிமையாக வைத்திருந்தவர் மீதான வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. நான் மாற்றலாகி வரும்வரை அந்தக் குடும்பத்தின் வழக்கு முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் வேலையில்லாமல் போனால் மறுபடியும் முன்பணம் நீட்டும் கை வாசலுக்கு வரும். சூளையிலோ அரிசி ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ, கேட்டுக்கொண்டுதான் வெளியே போக முடியும் என்ற நிலையில் ஒரு குடும்பத்தைக் கண்டால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதுங்கள். விசாரிப்பது அவர்கள் கடமை.