புதுப்பிப்பு: தத்தெடுத்த மகளின் ரத்தத்தில் ஈயம்

இந்தியாவிலிருந்து தத்தெடுத்து பினாங்குக்கு அழைத்து வந்த மூன்று வயது மகளுக்கு, விரல் குத்திப் பார்த்ததில் ஈயம் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் என்று வந்ததும் இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

சொன்னபடியே நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம்: 14. விரல் தோலில் ஒட்டியிருக்கும் ஈயமும் கணக்கைக் கூட்டிவிடுமாம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2021 முதல் 3.5-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-லிருந்துதான், அதனால் தரவில்லை.

கைகொடுத்தது, "இரும்புச்சத்தையும் பாருங்க தம்பி" என்று ஓர் அக்கா போட்ட பதில். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. இரும்பு குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இரும்புச் சொட்டு மருந்து ஓடுகிறது. ஆரஞ்சு ஜூஸில் கலந்தால் மட்டும் அம்மணி வாயைத் திறப்பார்.

ஈயம் வந்த வழிகளில் எதிர்பாராதது சுர்மா, அதாவது கண்ணுக்குத் தீட்டும் மைப்பொடி. ஊரிலிருந்து உறவுக்காரர் அனுப்பிய சின்னப் பித்தளைச் சிமிழ், உள்ளே குச்சி, மினுமினுக்கும் கருஞ்சாம்பல் பொடி. சில சுர்மாவில் ஈய சல்ஃபைடுதான் முக்கால்வாசி சரக்கே. கண்ணைக் கசக்கிய கை வாய்க்குப் போகும், அவ்வளவுதான். அதை நிறுத்தி, இரும்பும் ஏறிய பிறகு இப்போது 6. எலும்பில் தங்கியது மெதுவாகத்தான் இறங்கும் என்கிறார் டாக்டர். பேச்சு வளர்ச்சிச் சோதனை இன்னும் பாக்கி.