பைபாஸ் முடிந்து மூன்று வாரம், அப்பா அழுதுகொண்டே இருக்கிறார்

தாராவி_மகன்:
அப்பாவுக்கு 68 வயது. இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஐ.சி.யூ.வில் இரண்டாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று குழாயைப் பிடுங்கப் போனார். நர்ஸ் இந்தியில் பேச, இவர் திருநெல்வேலித் தமிழில் கத்த, ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அது இரண்டு நாளில் தெளிந்தது. இப்போது விளக்கு வைக்கிற நேரமானால் அழுகை. பேப்பரைத் தொடுவதில்லை. தையல் பிரிந்துவிடும் என்று இருமலைக்கூட வாயைப் பொத்தி அடக்குகிறார். கையெழுத்து வாங்கினார்களே தவிர, இப்படியெல்லாம் வரலாம் என்று ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. சரியாகுமா?

செம்பூர்_நர்ஸ்:
தம்பி, நான் இதய ஐ.சி.யூ.வில்தான் வேலை பார்க்கிறேன். அன்று வந்தது டெலிரியம், அதாவது தற்காலிகமாக வரும் மனக்குழப்பம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு அடிக்கடி வரும், ராத்திரியில் கூடும். பைத்தியம் இல்லை. நான் முதலில் கேட்பது மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும்தான். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கழற்றியது வீட்டுக்காரர்கள் பையிலேயே இருக்கும். அதை மாட்டிவிட்டு, "அப்பா, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு" என்று பிள்ளை தமிழில் சொன்னதும் முகம் மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போதைய அழுகையை விட்டுவிடாதீர்கள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது. இரண்டு வாரம் தாண்டினால் இதய டாக்டரிடமே சொல்லி மனநல மருத்துவரைக் கேளுங்கள். சோர்ந்தவர் மாத்திரையையும் நடையையும் விட்டுவிடுவார். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

அப்புறம் அந்த இருமல். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமட்டும். சளி வெளியே வந்தாக வேண்டும்.

மாட்டுங்கா_பெரியவர்:
எனக்கும் பைபாஸ் ஆனது. "தைரியமா இருங்க" என்று யாராவது சொன்னாலே அழுகை முட்டும். மருமகள் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எதை நினைச்சு பயப்படுறீங்க மாமா?" என்று கேட்டாள். தூங்கினால் எழுந்திருக்க மாட்டேனோ என்கிற பயம். அதை வாய்விட்டுச் சொன்ன அன்றுதான் தூங்கினேன். அப்பாவிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். அவர் விரும்பினால் நான் வீட்டுக்கே வருகிறேன்.

தாராவி_மகன்:
வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். நேற்று ராத்திரி தலையணையைக் கொடுத்தேன் அக்கா. ரொம்ப நேரம் வெறுமனே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக இருமினார். ஐயா, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.