பழைய எஸ்2000-க்கு சைலன்சர் மாற்றிய கதை (உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்)

என்னுடையது 2001 மாடல் ஹோண்டா எஸ்2000. டர்போ எதுவும் கிடையாது. 1997 சிசி, நான்கு சிலிண்டர், 9000 ஆர்பிஎம் வரை சலிக்காமல் சுற்றும். 6000-ஐ ஒட்டி விடெக் (வேகம் ஏறும்போது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டாவின் ஏற்பாடு) மாறும்போது ஒரு குரல் வரும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தூக்கலாகக் கேட்டால் நன்றாயிருக்குமே என்று ஆசைப்பட்டதில் ஆரம்பித்தது வினை. மொத்தம் இரண்டு சைலன்சர் வாங்கினேன். முதலாவதைக் கழற்றி விற்றுவிட்டேன்.

முதலாவதை வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். எல்லா வீடியோவிலும் ஒரே காட்சிதான்: குழாய்க்குப் பக்கத்தில் போன், ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்கிறார். போன் மைக் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கிவிடும், அடித்தொண்டை ஓசையைச் சரியாகப் பிடிக்காது. அதனால் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். அப்புறம் இன்னொன்றை நான் யோசிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் நான் விடெக்கில் இருப்பது இரண்டு நிமிடம். மீதி 58 நிமிடமும் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலைதான்.

வாங்கியது டைட்டானியம், ஒற்றைக் குழாய், நடுவில் ரெசனேட்டர் (குறிப்பிட்ட ஓசையை அமுக்கும் டப்பா) இல்லாதது. டைட்டானியத்தின் அடர்த்தி ஸ்டீலில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பெட்டியை ஒரு கையால் தூக்கியபோது சிரிப்பே வந்துவிட்டது. முதல் நாள் கூரையைத் திறந்துகொண்டு ஓட்டினேன், சொர்க்கம். அடுத்த வாரம் மழை. கூரையை மூடிக்கொண்டு, பக்கத்தில் மனைவியோடு, நீண்ட பயணம். ஆறாவது கியர், முள் 3600-இல் நிற்கிறது. ‘ங்ங்ங்ங்’ என்று ஒரு முழக்கம். காதில் கேட்கிற சத்தம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, மண்டைக்குள் இருந்து வருவது போல இருந்தது. உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு இரண்டு நான்காகத் தெரிந்தது. “இது இப்படியேதான் வருமா?” என்று மனைவி ஒரே தடவைதான் கேட்டாள். நான் ஐந்தாவது கியருக்கு இறக்கி முள்ளை 4300-க்கு ஏற்றினேன், முழக்கம் போனது. முழக்கத்துக்குப் பயந்து கியரைக் குறைத்து பெட்ரோலைக் குடிக்கவிட்ட ஆள் அநேகமாக நான்தான்.

காரணம் எளிய கணக்கு. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். 3600 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 60 சுற்று, ஆக 120 வெடிப்பு, அதாவது 120 ஹெர்ட்ஸ். மூடிய கூண்டுக்கு அந்த அதிர்வெண் பிடித்துப்போனால் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். இந்த வண்டி ஆறாவதிலும் நெடுஞ்சாலையில் 3500-க்கு மேலேயே சுற்றுவதால் தப்பிக்க வழியில்லை.

இரண்டாவதை வாங்கும் முன் மெக்கானிக் ஒரு வேலை செய்தார். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத் துணியால் குழாயின் வாயை அழுத்தி மூடச் சொன்னார். புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் ‘புஸ் புஸ்’. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தது. சூடானதும் இரும்பு விரிந்து அந்த இடைவெளி அடைபட்டுவிடும், அதனால் மதியம் தேடினால் அகப்படாது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இப்படி ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) கூடுதலாக ஊற்றும். போதாக்குறைக்கு ஹீட் ஷீல்டின் (சூட்டைத் தடுக்கும் தகடு) ஒரு போல்ட் துருவேறி அறுந்து, தகரம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் நான் ‘ரேஸ் கார் சத்தம்’ என்று ரசித்ததில் பாதி இதுதான்.

பவர் கூடுமா என்று கேட்பீர்கள். டர்போ இல்லாத வண்டியில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும் மாற்றினால் கிடைப்பது சில குதிரைத்திறன். வெயில் நாளுக்கும் குளிர் நாளுக்கும் உள்ள வித்தியாசத்திலேயே அது காணாமல் போய்விடும். ‘பேக் பிரஷர் (புகைக்கு எதிரழுத்தம்) வேண்டும்’ என்பதும் தப்பாகப் புரிந்துகொண்ட பேச்சு. வேண்டியது புகையின் வேகம். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகை மந்தமாகும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும்.

இப்போது மாட்டியிருப்பது இரட்டைக் குழாய் ஸ்டெயின்லெஸ், நடுவில் ரெசனேட்டர், பின்னால் இரண்டு பெரிய டப்பா. வாங்கும் முன் இதே செட் போட்ட இன்னொருவரின் வண்டியில் கூரையை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். 3600-இல் ரேடியோ கேட்டது. சரி என்று முடிவு செய்தேன்.

* * *

(பதில் 1) என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். உங்களுக்கு 3600 என்றால் எனக்கு 3000. துணிக் கூரையில் பொறுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஹார்ட் டாப்பை (கெட்டிக் கூரை) மாட்டினால் குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி. நான் சைலன்சரை மாற்றவில்லை. பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த குழாயை வெல்டிங் வைத்தேன். அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால், உள்ளே போன ஒலி திரும்பி வரும்போது எதிர்ப்பக்கமாக வந்து அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் அமுக்கும். என் கணக்கில் 100 ஹெர்ட்ஸ். சாதாரணக் காற்றில் 86 செ.மீ. சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும், அதனால் குழாய் இன்னும் நீளமாக வேண்டும். முதலில் 86-க்கே வெட்டிவிட்டு, முழக்கம் 3000-இலிருந்து கொஞ்சம் நகர்ந்ததைப் பார்த்து முழித்தேன். நீளமாக விட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்டுவது தனி வேதனை.

* * *

(பதில் 2) பிஎம்டபிள்யூ இ46 எம்3 வைத்திருக்கிறேன். எஸ்54 இன்ஜின், ஆறு சிலிண்டர், 3246 சிசி. எனக்கு முழக்கம் பிரச்சினை இல்லை, கரகரப்புதான். முதல் மூன்று சிலிண்டர் ஒரு பக்கம், அடுத்த மூன்று இன்னொரு பக்கம் என்று இரண்டு வரிசையாகப் புகை வரும். எடை குறையட்டும் என்று நடுப்பகுதி ரெசனேட்டரை எடுத்துவிட்டேன். 4000-ஐத் தாண்டியதும் பித்தளைப் பாத்திரத்தில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

அதோடு டிராக் டேக்கு (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) போனேன். குழாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணத்தில் சத்தம் அளக்கும் கருவியைப் பிடித்தார்கள். வரம்பைத் தாண்டிவிட்டது. குழாய் வாயில் சொருகும் அடைப்பானைப் போட்டு மறுபடி காட்டிப் பாஸானேன். இரண்டாவது சுற்றில் அதன் ஸ்க்ரூ அதிர்வில் கழன்று, அடைப்பான் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்தது. கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றினார்கள், ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு. அந்த ரெசனேட்டர் திரும்ப ஏறிவிட்டது.

* * *

(பதில் 3) ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை எடைக்குப் போடாதீர்கள். காரில் ஏற்ற வசதியாக இருக்கும் என்று நான் என்னுடையதை நடுவில் அறுத்துவிட்டேன். இவ்வளவு பழைய வண்டிக்குப் புதிதாகத் தேடிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. போல்ட் இறுகியிருந்தால் முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். அவசரப்பட்டு அறுக்க வேண்டாம்.

* * *

(தொடங்கியவன்) நல்ல வேளை, என்னுடையது பரணில் முழுசாக இருக்கிறது. இதைப் படித்ததும் ஏறிப் பார்த்தேன். குழாயின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். என்னுடையதில் ஒன்றில் குளவி கூடு கட்டியிருக்கிறது, இப்போது யார் கை விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.