நாகர்கோவில் பக்கம் குடிநீர் பைப் ஒழுக்கைப் பிடிக்க சென்சார் வைக்கலாமா?

வடசேரிவாசி:
கோடை வந்தா முக்கடல் அணை மைனஸ் அடிக்குப் போச்சுன்னு பேப்பர்ல படிக்கோம். அங்கிருந்து வார தண்ணி மண்ணுக்குள்ளயே ஒழுகிப் போறதை யாரும் பேசுறதில்ல. நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஒழுகினாலே ஒரு நாளைக்கு 1440 லிட்டர். வால்வு மேல காந்தத்தால ஒட்டுற சென்சார் இருக்கு. ஊர் அடங்கின பிறகு, ராத்திரி 2 மணிக்கு மேல, தண்ணி பீறிடுற இரைச்சலைக் கேட்டு வயர் இல்லாமலே ஆபீசுக்கு அனுப்பிரும். இதை வாங்கணும்னு நாம மனு கொடுக்கணும்.

மலையோரம்:
அண்ணாச்சி, நம்ம தெருவுக்கு முறை வச்சுத்தானே தண்ணி திறக்காங்க? ராத்திரி 2 மணிக்கு பைப் காலி. பிரஷர் இல்லன்னா ஒழுக்கும் இல்ல, சத்தமும் இல்ல. பிறகு சென்சார் எதைக் கேட்கும்? அந்தக் காசுக்கு இத்துப்போன பைப்பை மாத்தச் சொல்லுங்க.

வடசேரிவாசி:
எந்த பைப் இத்துப்போச்சுன்னு தெரிஞ்சாத்தானே மாத்த முடியும்? நமக்கு ரெண்டு மழைக்காலம். ஜூன்லயும் ரோடு ஈரம், ஐப்பசியிலயும் ஈரம். சரிவான நிலம் வேற. ஒழுகுற தண்ணி மேல வராம அப்படியே இறங்கிக் குளத்துல போய்ச் சேருது. கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கிற ஊரா இது?

பைப்வேலைக்காரன்:
20 வருஷமா பைப் பதிக்கேன், அதனால சொல்லுதேன். ரெண்டு சென்சாரை 100 மீட்டர் இடைவெளியில வைக்கோம்னு வைங்க. ஒழுக்குச் சத்தம் ஒண்ணுக்கு 0.02 விநாடி முந்தி வருது. வார்ப்பிரும்பு பைப்புல சத்தம் விநாடிக்குச் சுமார் 1200 மீட்டர் ஓடும். அப்போ 24 மீட்டர் வித்தியாசம். 100-ல 24 போக மீதி 76, அதுல பாதி 38. முந்திக் கேட்ட சென்சார்ல இருந்து 38 மீட்டர்ல தோண்டணும். அதே பைப் பிவிசியா இருந்தா வேகம் 450 கிட்டத்தான். கணக்கு 45.5 மீட்டர்னு மாறிரும். 7.5 மீட்டர் தள்ளித் தோண்டினா அடுத்த வீட்டு மதிலை உடைக்க வேண்டியதுதான். உடைஞ்ச இரும்புக்கு நடுவுல ஒரு துண்டு பிவிசி சொருகிவிட்டுப் போறது இங்க நடக்கிறதுதான். பிவிசியில சத்தம் சீக்கிரம் செத்தும் போகும். எந்தத் தெருவுல என்ன பைப் கிடக்குன்னு வரைபடம் இல்லாம இந்த மெஷினை இறக்காதீங்க.

மலையோரம்:
இதைத்தான் நானும் சொல்லுதேன். அந்த வரைபடம் வால்வு திறக்கிற அண்ணன் தலையிலதான் இருக்கு. இரும்புக் கம்பியை வால்வுல ஊன்றி, மறு முனையில காதை வச்சு ஒழுக்கைச் சொல்லுற ஆட்கள் அவங்க. அவங்க ஓய்வு பெறுற முன்னால உட்கார வச்சு எழுதி வாங்குங்க.

கோட்டாறு அக்கா:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. எங்க தெருவுல 3 வாரம் தண்ணியில சாக்கடை வாடை. பைப் காலியா கிடக்கும்போது ஓட்டை வழியா வெளித் தண்ணியை உள்ள இழுக்குது. நாலு இடத்துல தோண்டினாங்க. கடைசியில ஓட்டை இருந்தது ஓடைப் பாலத்துக்கு அடியில, ஒரு விரல் நுழையும். அந்த 3 வாரமும் பிள்ளைகளுக்குக் கேன் தண்ணி வாங்கினோம். கம்பி வச்சுக் கேட்டுத்தான் தேடினாங்க தம்பி, ராத்திரி முழுக்கக் காது வைக்க எத்தனை ஆளு இருக்கு?

மலையோரம்:
அக்கா, நீங்க சொல்லுறது நியாயம். ஆனா சென்சாரும் வால்வு குழிக்குள்ளதான் இருக்கணும். இரும்பு மூடி சிக்னலை மறைக்கும், மழைக்குக் குழி நிறையும், பேட்டரி தீரும். அதைப் பார்க்கவும் ஆள் வேணும்.

வடசேரிவாசி:
சரி, தெருவுக்கு வேண்டாம். தொட்டியில இருந்து இறங்குற மெயின் லைன்ல பிரஷர் நிக்குமே, அங்க மட்டும் வைக்கலாமே?

பைப்வேலைக்காரன்:
அதுக்கு நான் சம்மதம். ஆனா அதுக்கு முன்னால செலவில்லாத ஒண்ணு செய்யலாம். தெரு வால்வு எல்லாத்தையும் அடைச்சிட்டு, தொட்டியில இருந்து இறங்குற மெயினை மட்டும் திறந்து வைங்க. ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் தொட்டி அளவைப் பாருங்க. 8 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில 1 சென்டிமீட்டர் இறங்கினா சுமார் 500 லிட்டர். எந்தத் தொட்டி அதிகமா இறங்குதோ, முதல் சென்சார் அந்த லைனுக்கு.

கோட்டாறு அக்கா:
எங்க தெருத் தொட்டி ஆபரேட்டர்கிட்ட நாளைக்கே கேட்கேன். டார்ச்சு நான் கொண்டு போறேன்.